ஆடும் எண்ணும் அசையா வெப்பமும்

(தேர்வாய் கண்டிகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

என்பால் தமிழ் பயின்ற ஒருவர் இப்பகுதித் தொழிற்சாலையொன்றில் உலையைக் காத்து வருகிறார். "ஐயா, வெப்ப அளவியின் கடைசி எண் ஓயாது ஆடுகிறது. அதைப் பார்த்துக் குமிழைத் திருப்புகிறேன். ஆட்டம் மிகுகிறதேயன்றிக் குறையவில்லை. பொருள் கெட்டால் என்னைத்தானே கேட்பார்கள்?" என்று வருந்தினார். அது 'நாய்சு' என்று மேலாளர் சொன்னாராம். அச்சொல் அவருக்கு ஒன்றையும் விளக்கவில்லை. 'இரைச்சல்' என்றேன், முகம் தெளிந்தது.

காதுக்குக் கேளாத இரைச்சல் அது. கடத்தியினுள் மின்னணுக்கள் வெப்பத்தால் அலைமோதுவது அதன் வேர்களுள் ஒன்று. சான்சன், நைக்குவிசுட்டு ஆகிய இருவரும் 1928-இல் இதனை நிறுவினர். இரைச்சலை மெய்யான மாற்றமென்று நம்பிச் சூட்டைக் கூட்டிக் குறைத்தால், அமைதியாயிருந்த உலையை நாமே கலக்கியவராவோம்.

உலைக்கே இப்பாடென்றால், கடுங்குளிரில் ஒரு பாகையின் ஆயிரத்தில் ஒரு கூற்றையும் நழுவாது காக்க வேண்டியவர் பாடு என்னாவது? அங்கே துணைநிற்பது மீக்கடத்தி. 1911-இல் ஒல்லாந்து நாட்டு அறிஞர் காமர்லிங்கு ஒன்னசு, சுழிக்குக் கீழே ஏறத்தாழ 269 பாகையில் இதளின் (பாதரசத்தின்) மின்தடை திடுமென மறைந்ததைக் கண்டார். அம்மறைவின் விளிம்பே நமக்கு வேண்டுவது. சமநிலத்தில் ஒரு சாண் நகர்ந்தால் ஒன்றுமில்லை. கிணற்று விளிம்பில் நகர்ந்தால்? அங்ஙனமே, விளிம்பில் நிறுத்திய மீக்கடத்திப் படலத்தில் வெப்பம் இம்மியளவு மாறினும் மின்தடை பெரிதும் மாறும். குளிரும் குறைந்த தடையுமாகச் சேர்ந்து இரைச்சலையும் அடக்கிவிடுகின்றன.

1995-இல் இர்வின் என்பார் காட்டிய வழி இன்னும் அழகியது. படலத்திற்கு மாறா மின்னழுத்தம் தருக. சூடேறினால் தடை உயரும், மின்னோட்டம் தளரும், அதனால் விளையும் சூடும் குறைந்து, படலம் பழைய நிலைக்கே மீளும். குளிர்ந்தாலோ இதன் மறுதலை. காவலாள் வேண்டாத காவல்! மின்னோட்டத்தின் அந்நுண்ணிய மாற்றத்தை அளப்பது இசுகுவிடு என்னும் மீக்கடத்திக் காந்த உணரி.

அக்கருவியைக் காண நாம் கடல் கடக்க வேண்டா. சென்னைக்கு வடக்கே நாம் கூடியிருக்கிறோம். தெற்கே கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் நியோபியப் படலத்தால் இசுகுவிடு உணரிகளை ஆக்கியுள்ளனர். நீர்ம ஈலியத்தில் அமிழ்த்தி, நெஞ்சாங்குலையும் மூளையும் எழுப்பும் காந்தப்புலத்தை அவற்றால் அளக்கின்றனர். நிலவுலகின் காந்தப்புலத்தில் பத்து இலக்கத்தில் ஒரு பங்களவே நெஞ்சாங்குலையினது. மூளையினது அதனினும் மிகச் சிறிது.

இவ்வுணரி உலைக்குள் வாழாது. அச்சூட்டில் மீக்கடத்தும் பொருள் எதுவுமில்லை. ஆனால் ஆடுவது உலையா அளவியா என்னும் வினா ஈரிடத்தும் ஒன்றே. "அருகில் இன்னோர் உணரியை வைத்துப் பாரும், இரண்டும் சேர்ந்தாடினால் உலை, தனித்தனியே ஆடினால் அளவி" என்றேன்.

சென்ற கிழமை வந்தார். தனித்தனியேதான் ஆடினவாம். இப்போது குமிழை அவர் தொடுவதில்லை.