சட்டத்தின் பொருளைச் சொல்வது யார்?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



முருங்கனில் படித்த நமக்கு வயலும் குளமும் புதியவை அல்ல. கட்டுக்கரைக் குளத்து நீரைப் பார்த்து, இந்தச் சிறுபோகத்துக்கு இவ்வளவுதான் விதைக்கலாம் என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொன்னால் கேட்டுக்கொள்கிறோம். அது அவருடைய துறை அறிவு. ஆனால் ஓர் அலுவலகம், "சட்டப்படி இந்தக் காணி உங்களுடையதல்ல" என்று சொன்னால் அதையும் அப்படியே ஏற்க வேண்டுமா? சட்டத்தின் பொருளைச் சொல்லும் கடைசி உரிமை அலுவலகத்துக்கா, நீதிமன்றத்துக்கா?

இக்கேள்வி அண்மையில் அமெரிக்காவை உலுக்கியது. சட்டத்தின் சொல் தெளிவில்லாமல் இருந்தால், அரச நிறுவனம் தரும் நியாயமான விளக்கத்தை நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்று 1984இல் செவ்ரோன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. நாற்பது ஆண்டுகள் அதுவே நெறியாக இருந்தது. அதை எதிர்த்து வந்தவர்கள் ஹெரிங் மீன் பிடிக்கும் படகுக்காரர். படகில் ஏறும் கண்காணிப்பாளரின் செலவைப் படகுக்காரரே கொடுக்க வேண்டும் என்றது மீன்பிடி நிர்வாகம். அப்படிக் கொடுக்கச் சட்டம் சொல்லவில்லை என்றார்கள் அவர்கள். 2024 ஜூன் 28இல் நீதிமன்றம் பழைய நெறியைக் கைவிட்டது. சட்டத்துக்குப் பொருள் சொல்வது நீதிபதியின் வேலை என்றது. காற்றையும் நீரையும் காக்கும் நிறுவனங்களின் கை இதனால் தளரும் என்று அஞ்சுவோரும் உண்டு. அந்த அச்சத்தையும் நாம் தள்ளிவிட முடியாது.

நம் நாட்டுக்கு வருவோம். 2025 மார்ச் 28இல், 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு வர்த்தமானி வெளிவந்தது. வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர். யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சியோடு மன்னாரும் அதில் இருந்தது. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் காணி அரசுக்குரியதாக அறிவிக்கப்படலாம். உரிமையைத் தெளிவுபடுத்தவே இது என்று அரசாங்கம் விளக்கியது.

உரிமை கோராதவர் யார்? இடம்பெயர்ந்தபோது உறுதியைத் தொலைத்தவர், தமிழ்நாட்டு முகாமில் இருப்பவர், கனடாவில் இருந்துகொண்டு வர்த்தமானியைக் கண்ணாலும் காணாதவர். அவர்களுடைய மௌனத்துக்கு "சொந்தக்காரர் இல்லை" என்று பொருள் கொள்ளலாமா? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், பயிரிடாத நிலத்தை மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது என்றே கொண்டது. பழைய பழக்கம் அது.

திரு. எம். ஏ. சுமந்திரன் உயர் நீதிமன்றம் சென்றார். ஜூன் மாதம் நீதிமன்றம் அந்த வர்த்தமானியை இடைநிறுத்தி உத்தரவிட்டது. அது இடைக்கால உத்தரவுதான். ஆயினும் அலுவலகத்தின் சொல்லே முடிந்த முடிபு அல்ல என்பதை அது காட்டியது. 2019இல் சுன்னாகம் நிலத்தடி நீர் வழக்கிலும், மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் கடமையில் தவறின என்று அதே நீதிமன்றம் கண்டது. மின் நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது.

ஆனால் சகோதரிகளே, நீதிமன்றம் தானாக எழுந்து வந்து பேசாது. யாராவது போய்க் கதவைத் தட்ட வேண்டும். அதுவும் காலத்துக்குள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அதில் சேராது. இதை அறியாமல் உரிமையை இழந்தவர் பலர்.

ஆகவே வீடு திரும்பியதும் சில வேலைகள் செய்வோம். உறுதியையும் வரைபடத்தையும் தேடி எடுப்போம். தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்போம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்து வைப்போம். ஊரில் இருப்பவர்கள் வர்த்தமானியில் நம் பிரிவின் பெயர் வந்தால் மற்றவர்களுக்கு உடனே அறிவிப்போம். ஓர் அதிகாரி "சட்டம் அப்படித்தான்" என்றால், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பணிவாகக் கேட்டு, எழுத்தில் பெறுவோம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி தருகிறது.

அதிகாரிகளை அவமதிக்கச் சொல்லவில்லை. அவர்களிலும் நம் பழைய மாணவியர் இருக்கிறார்கள். அவர்களால் ஊர் பெற்ற நன்மை பெரிது. குளத்து நீரின் அளவை அவர்கள் சொல்லட்டும், நாம் கேட்போம். சட்டத்தின் பொருளைப் பற்றி அவர்கள் சொல்வதையும் கேட்போம். ஆனால் அதோடு நின்றுவிட வேண்டியதில்லை.

வாசிக்கவும் கேள்வி கேட்கவும் இப்பள்ளி நமக்குக் கற்றுத் தந்தது. அந்தக் கடனை நம் ஊருக்குத் திருப்பிக் கொடுப்போம்.