சாப்பிட்டதும் ஒரு நடை

திருக்கடையூரில் தினமும் யாருக்காவது கல்யாணம்தான். மாப்பிள்ளைக்கு வயது 60 அல்லது 80! மாலையும் கழுத்துமாகப் பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளை, இலையில் பாயசம் விழுந்ததும் பக்கத்து இலையை ஓரக்கண்ணால் பார்ப்பார். “நேத்து சுகர் 220, ஞாபகம் இருக்கட்டும்” என்பார் மணப்பெண்.

நம் ரத்தம் முழுவதிலும் ஓடுகிற சர்க்கரை சுமார் 5 கிராம், ஒரு தேக்கரண்டிதான். வேகமாக நடந்தால் தீர்ந்துவிடாதா? தீராது. உடம்பு இன்சுலினைக் குறைத்து, குளுககான் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. உடனே கல்லீரல், பத்தாயத்து நெல்லை அளந்து விடுவதுபோல், சேமித்த சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது.

உழைக்கிற தசைக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நீரிழிவுக்காரர்களை நடக்கச் சொல்வது அதனால்தான். நடை முடிந்த பிறகும் தசை தன் இருப்பை நிரப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே இன்சுலினோ, சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ராத்திரியில்கூடச் சர்க்கரை தாழலாம். நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே கொஞ்சம் சர்க்கரை சாப்பிட வேண்டும்.

அறுபதில் மணிவிழா கண்டவர்களே, எண்பதில் சதாபிஷேகத்துக்கும் திருக்கடையூர் வர ஆசையா? சாப்பிட்டதும் படுக்காதீர்கள், ஒரு கால் மணி நேரம் நடங்கள்.