பாடப்பட்டியல் யார் பேரில் பட்டா?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நாலு கவிதையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். 'பல்கலைக்கழகத்துல என்ன படிக்கலாம், எதை ஆராயலாம்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க' என்றார்கள். நான் பேராசிரியன் இல்லை. வங்கியில் குமாஸ்தா. காலையிலிருந்து கவுன்டரில் உட்கார்ந்து அடுத்தவர் பணத்தை எண்ணுகிறவன். ஆனால் கணக்குப் பார்க்கிறவனுக்கு ஒரு புத்தி உண்டு. கணக்கில் என்ன வந்திருக்கிறது என்பதைவிட எது வராமல் விட்டுப்போயிருக்கிறது என்றுதான் முதலில் தேடுவான். அந்தப் புத்தியோடு ஒரு பல்கலைக்கழகத்தின் பாடப்பட்டியலைப் படித்துப் பார்த்ததை இங்கே சொல்கிறேன்.

முதலில் என் கதை கொஞ்சம். பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டில் ஒரு புராஜெக்ட் எழுதவேண்டும். எங்கள் தாத்தா பறையடித்தவர். ஒருநாள் 'இனிமே ஊர் சாவுக்கு அடிக்கமாட்டோம்' என்று தெருவே சேர்ந்து நிறுத்தியது. தாத்தா பறையைப் பரண்மேல் போட்டார். அதற்குப் பிறகு ஊரில் என்னென்ன நடந்தது, யார் வேலை கொடுக்க மறுத்தார்கள், எந்தக் கடையில் அரிசி போடமாட்டேன் என்றார்கள் என்று எழுதப்போகிறேன் என்று போய் நின்றேன். ஆசிரியர் கெட்டவர் இல்லை. 'நல்ல தலைப்புதான்ப்பா, ஆனா இதுக்கு மெட்டீரியல் எங்க இருக்கு? லைப்ரரில புக்கு இருக்கா? வேற எடு' என்றார். சோழர் கால ஊராட்சி எடுத்தேன். மெட்டீரியல் கொட்டிக் கிடந்தது. நல்ல மார்க்கும் வந்தது. அதே சோழர் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் பெயர் சொல்லி வெட்டப்பட்டிருக்கின்றன என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். மெட்டீரியல் இருந்தது. அதை மெட்டீரியலாகப் பார்க்கிற கண் அந்தத் துறையில் இல்லை. அந்த வருஷம் தாத்தா உயிரோடு இருந்தார். இப்போது இல்லை.

'மெட்டீரியல் எங்க இருக்கு?' என்ற அந்தக் கேள்விதான் என்னை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்ற ஊருக்குக் கொண்டுபோனது. விமானத்தில் இல்லை, படிப்பில்தான். அங்கே அந்த மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முப்பதாயிரம் பேருக்கு மேல் படிக்கிறார்கள். அதன் நூலகத்தில் பாபாசாகேப் அம்பேத்கரின் கடிதம் ஒன்று இருக்கிறது. 1946-ல் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்கு அவர் எழுதியது. நீக்ரோக்களின் பிரச்சினையைத் தொடர்ந்து படித்து வருகிறவன் நான். அமெரிக்காவில் அவர்கள் இருக்கும் நிலையும் இந்தியாவில் தீண்டப்படாதவர்களின் நிலையும் அவ்வளவு ஒத்திருக்கின்றன. ஐக்கிய நாடுகள் சபைக்கு உங்கள் மக்கள் கொடுத்த மனுவின் இரண்டு மூன்று பிரதிகள் கிடைக்குமா என்று கேட்கிறார். அதே 1946 ஜூலை 31 அன்று டு பாய்ஸ் பதில் எழுதுகிறார்: உங்கள் பெயரை அறிவேன், இந்தியத் தீண்டப்படாதவர்கள்மேல் எனக்கு முழு அனுதாபம் உண்டு, அனுப்புகிறேன் என்று. வந்த கடிதமும் போன கடிதமும் ஒரே சேகரிப்பில் இருக்கின்றன. ஒழுங்கான அலுவலகத்தில் இன்வர்டும் அவுட்வர்டும் இருப்பதுபோல.

இந்தக் கடிதம் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது? அதில்தான் நாம் கற்கவேண்டிய பாடம் இருக்கிறது.

அந்தப் பல்கலைக்கழகம் 1863-ல் ஒரு வேளாண்மைக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகம் ஆனது 1947-ல். மண்ணும் மாடும் தொடங்கி இன்று நூற்றுக்கு மேற்பட்ட இளங்கலைப் பிரிவுகள்: மொழியியல், கணினி, உணவு அறிவியல். 1974-ல் அங்கே பேராசிரியராயிருந்த ஜோசப் டெய்லரும் அவரிடம் ஆராய்ச்சி மாணவராயிருந்த ரஸ்ஸல் ஹல்ஸும் ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரத் துடிப்பு ஒன்றைக் கண்டுபிடித்து, 1993-ல் நோபல் வாங்கினார்கள். இதெல்லாம் பெருமைதான். ஆனால் கறுப்பின மக்களின் வரலாறு அங்கே ஒரு துறையாக இல்லாமலேயே நூறு வருஷம் ஓடியிருக்கிறது. யாருக்கும் அது குறையாகவே தெரியவில்லை.

1960களின் கடைசியில்தான் கறுப்பின மாணவர்கள் கணிசமாக உள்ளே வருகிறார்கள். வந்தவர்கள் பட்டியலைப் பார்த்துக் கேட்கிறார்கள்: 'இதுல நாங்க எங்க இருக்கோம்?' 1970 பிப்ரவரியில் மில்ஸ் ஹவுஸ் என்ற விடுதிக் கட்டிடத்தை மாணவர்கள் ஆக்கிரமிக்கிறார்கள். அதற்குப் புது ஆப்பிரிக்க இல்லம் என்று பெயர் வைக்கிறார்கள். அதே 1970-ல் ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுத்துறை வருகிறது. டு பாய்ஸ் பெயரில், அந்தக் கட்டிடத்திலேயே. ஏதோ ஒரு குழு அறையில் உட்கார்ந்து நல்ல மனசோடு தீர்மானம் போட்டதால் வந்த துறை இல்லை இது. ஆக்கிரமித்ததால் வந்தது.

துறை வந்துவிட்டது. யார் சொல்லிக்கொடுப்பது? இரண்டாவது சண்டை அங்கேதான். துறையின் முதல் தலைவர் மைக்கேல் தெல்வெல். ஜமைக்காவில் பிறந்த எழுத்தாளர். தென்மாநிலங்களில் வாக்குரிமைக்காக அடிவாங்கிய மாணவர் இயக்கத்தில் வேலை செய்தவர். இயக்கத்திலிருந்து வந்தவர்கள் வகுப்பறைக்குள் வந்தார்கள். ஜாஸ் டிரம்மர் மேக்ஸ் ரோச் அங்கே பேராசிரியர். சாக்ஸபோன் வாசிக்கிற ஆர்ச்சி ஷெப் பேராசிரியர். தோழர்களே, கொஞ்சம் நின்று யோசியுங்கள். மேளமடிக்கிறவரைப் பேராசிரியராக உட்காரவைத்து, 'உங்க கையில இருக்கிறதுதான் வரலாறு, சொல்லிக்கொடுங்க' என்று ஒரு பல்கலைக்கழகம் சொன்னது. நான் என் தாத்தாவை நினைத்துக்கொண்டேன்.

சினுவா அச்செபே 1972-லிருந்து சில வருஷம் அங்கே இருந்தார். 1975 பிப்ரவரியில் அங்கே ஒரு சொற்பொழிவு செய்கிறார். ஆங்கிலத்துறைகள் எல்லாம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய கான்ராடின் 'இருளின் இதயம்' நாவலை எடுத்து, இதில் ஆப்பிரிக்க மனிதன் மனிதனாகவே இல்லையே, இதை எப்படி மகத்தான கலை என்கிறீர்கள் என்று கேட்டார். கேட்டுக்கொண்டிருந்த பேராசிரியர்கள் சிலருக்குக் கோபம். 1977-ல் கட்டுரையாக 'மாசசூசெட்ஸ் ரிவியூ' பத்திரிகையில் வந்தது. இன்றைக்கு அந்த நாவலைப் பாடமாக வைக்கிறவர்கள் இந்தக் கட்டுரையை ஒதுக்கிவைக்க முடிவதில்லை. கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு சம்பவம் சொல்வார். பல்கலைக்கழக வளாகத்தில் நடந்துபோகும்போது ஒரு பெரியவர் 'என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள்?' என்று கேட்கிறார். 'ஆப்பிரிக்க இலக்கியம்' என்கிறார் அச்செபே. ஆப்பிரிக்காவுக்கு அப்படியெல்லாம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லையே என்கிறார் பெரியவர். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 'மெட்டீரியல் எங்க இருக்கு?' என்பதன் அமெரிக்கப் பதிப்புதானே இது!

மூன்றாவது, ஆவணம். டு பாய்ஸ் அந்த மாநிலத்தில் 1868-ல் பிறந்தவர். 93 வயதில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, கானாவுக்குப் போய், 1963-ல் அங்கேயே இறந்தவர். அவருடைய கடிதங்கள், கையெழுத்துப்படிகள் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். 1973-ல் அவற்றை அந்தப் பல்கலைக்கழகம் விலைகொடுத்து வாங்கியது. அப்போது அதன் தலைமைப் பொறுப்பில் ராண்டால்ஃப் புரோமெரி என்ற கறுப்பின நிலவியல் அறிஞர் இருந்தார். 'கம்யூனிஸ்டின் காகிதத்துக்கு அரசுப் பணமா?' என்ற காலம் அது. வாங்கினார்கள். 1994-ல் அந்த உயர்ந்த நூலகக் கட்டிடத்துக்கே டு பாய்ஸ் பெயர் வந்தது. பாபாசாகேபின் கடிதம் அங்கே இருப்பது இப்படித்தான். இன்று அதைக் கணினியில் யாரும் பார்க்கலாம்.

ஆள், பாடம், ஆவணம். மூன்றும் சேர்ந்தபிறகுதான் 1996-ல் அந்தத் துறை முனைவர் பட்டம் தரத் தொடங்கியது. ஒரு கட்டிடத்தைப் பிடித்ததிலிருந்து முனைவர் பட்டம்வரை 26 வருஷம்.

இன்னொரு துறையையும் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் அது என் தொழில். பொருளாதாரம். 1973-ல் அந்தப் பல்கலைக்கழகம் ஐந்து இடதுசாரிப் பொருளாதார அறிஞர்களை ஒரே மூச்சில் வேலைக்கு எடுத்தது. அவர்களில் சாமுவேல் பவுல்ஸும் ஹெர்பர்ட் ஜின்டிஸும் 1976-ல் ஒரு நூல் எழுதினார்கள். பள்ளிக்கூடம் பிள்ளைகளை முதலாளியத்தின் படிநிலைக்குத் தகுந்தமாதிரி தயார் செய்து அனுப்புகிறது என்பது அதன் சாரம். வேறெங்கும் ஓரத்தில் நின்ற பார்வை அங்கே பாடமாக ஆனது. அதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள்.

2010-ல் இரண்டு பெரிய பொருளாதார அறிஞர்கள், ரெய்ன்ஹார்ட்டும் ரோகாஃபும், ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு நாட்டின் அரசுக் கடன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதத்துக்குப் போய்விடும் என்றார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மக்கள்நலச் செலவை வெட்டச் சொன்னவர்கள் இதை மேற்கோள் காட்டினார்கள். ஆம்ஹர்ஸ்டில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வகுப்பில் ஒரு வீட்டுப்பாடம்: புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எடுத்து அதன் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார். அவர் இதை எடுத்தார். கணக்கு வரவில்லை. எழுதியவர்களிடமே கேட்டு எக்செல் தாளை வாங்கிப் பார்த்தார். 20 நாடுகளில் ஐந்து நாடுகளின் வரிகள் சூத்திரத்துக்குள் வரவே இல்லை. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க். இதுபோக, சில நாடுகளின் சில வருஷங்கள் விடப்பட்டிருந்தன. சராசரி எடுத்த முறையும் கோணலாக இருந்தது. தன் ஆசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் இருவரோடு சேர்ந்து 2013 ஏப்ரலில் வெளியிட்டார். திருத்திப் போட்டால் மைனஸ் 0.1 இல்லை, 2.2. எழுதியவர்கள் எக்செல் தவறை ஒப்புக்கொண்டார்கள். தங்கள் முடிவை விடவில்லை.

என் வங்கியில் சாயங்காலம் அஞ்சு வவுச்சரை விட்டுவிட்டுக் கூட்டிவைத்தால் கணக்கு டேலி ஆகாது, ஆகும்வரைக்கும் வீட்டுக்குப் போகமுடியாது. உலகத்துக்கே செலவைக் குறைக்கச் சொன்ன கணக்கு மூணு வருஷம் டேலி ஆகாமலே ஓடியிருக்கிறது! அதைக் கண்டுபிடித்தது ஒரு மாணவர். 'பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று சொல்லித்தராத ஒரு துறை அவருக்குக் கிடைத்தது. ஒரு துறையில் யார் இருக்கிறார்கள் என்பது என்ன கேள்வி கேட்கப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆராய்ச்சியில் பலம் என்று அவர்கள் அச்சடிக்கிறார்களே, அந்தப் பலத்தின் அடியில் இதுதான் இருக்கிறது.

அந்தப் பல்கலைக்கழகத்தைச் சொர்க்கம் என்று சொல்லிவிட்டுப் போகமாட்டேன். அதன் அடிநிலத்தையும் பார்க்கவேண்டும். 1862 மோரில் சட்டத்தின்படி அமெரிக்க அரசு கல்லூரிகளுக்காக நிலம் கொடுத்தது. மாசசூசெட்ஸின் பங்கு 3,60,000 ஏக்கர். அந்த நிலம் மாசசூசெட்ஸில் இல்லை. மேற்கே பழங்குடி மக்களிடமிருந்து பறித்தது. அதை விற்ற பணம்தான் இந்தக் கல்லூரிக்கும், இன்னொரு பங்காக எம்.ஐ.டி.க்கும் போனது. 2020-ல் ஒரு பத்திரிகை ஆவணங்களைத் தோண்டி இந்தக் கணக்கையெல்லாம் வெளியிட்டது. ஊர்ப் பெயருக்குரிய ஆம்ஹர்ஸ்ட் பிரபு, பழங்குடிகளுக்கு அம்மை பரப்பும் யோசனையை 1763-ல் கடிதத்தில் ஆதரித்தவர். பஞ்சமி நிலத்தைக் கேட்கிற நமக்கு இது புரியாததா? பாடத்திலும் பட்டா இருக்கிறது, மண்ணிலும் பட்டா இருக்கிறது. ஒன்றை வென்றவர்கள் இன்னொன்றை மறக்கக்கூடாது.

வென்றதும் நிரந்தரமில்லை. 2023 ஜனவரியில் புளோரிடா மாநில அரசு பள்ளிகளில் ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுப் பாடத்தை அனுமதிக்க மறுத்தது. அதே வருஷம் ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்வதற்குத் தடைபோட்டது. பாருங்கள், இடத்தையும் பாடத்தையும் ஆறு மாசத்துக்குள் சேர்த்தே அடிக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது இரண்டும் ஒன்று என்று. நமக்குத்தான் சீட் கிடைத்துவிட்டால் போதும் என்று தோன்றிவிடுகிறது. இடஒதுக்கீடு நம்மை வகுப்பறை வாசல்வரை கொண்டுவந்து விட்டது. அதை ஒருபோதும் விடப்போவதில்லை. ஆனால் உள்ளே போய் உட்கார்ந்து யாருடைய கதையைப் படிக்கிறோம்?

நம்மிடம் மெட்டீரியல் இல்லையா? அயோத்திதாசப் பண்டிதர் 1907-லிருந்து 1914-ல் சாகும்வரை பத்திரிகை நடத்தினார். அது தொகுதிகளாக நம் கைக்கு வந்தது 1999-ல், ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து. எண்பத்தைந்து வருஷம்! அதுவரை அந்தத் தாள்களை வீட்டில் கட்டிவைத்துக் காப்பாற்றியவர்கள் நம் மக்கள். பல்கலைக்கழகங்கள் இல்லை.

அதனால் தம்பி தங்கச்சிகளுக்கு மூன்று வேலை சொல்கிறேன். ஒன்று, உங்கள் துறையின் பாடத்திட்டத்தை எடுத்து ஒரு பேனாவோடு உட்காருங்கள். வரலாறோ, தமிழோ, பொருளாதாரமோ, ஒவ்வொரு தாளிலும் விட்டுப்போன வரி எது என்று பக்கத்தில் எழுதுங்கள். அதை மனுவாக்கிக் கொடுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் கொடுங்கள். இரண்டு, 'மெட்டீரியல் எங்கே?' என்று கேட்டால் தலைப்பை மாற்றாதீர்கள். நான் மாற்றினேன். மூன்று, இந்த வாரமே வீட்டுக்குப் போய்ப் பாட்டி தாத்தாவிடம் உட்காருங்கள். செல்போனில் பதிவு பண்ணுங்கள். பழைய துண்டறிக்கை, வழக்குத்தாள், மனு நகல், நின்றுபோன சிறுபத்திரிகை எதையும் எடைக்குப் போடவிடாதீர்கள். தேதி எழுதி, ஊர் எழுதி, கட்டிவையுங்கள்.

பாபாசாகேப் கேட்டது இரண்டு மூன்று பிரதிகள்தான். அந்தக் கடிதத்தை ஒருவர் தூக்கிப்போடாமல் வைத்திருந்ததால், 27 வருஷம் கழித்து ஒரு பல்கலைக்கழகம் அதை விலைகொடுத்து வாங்கியது. எங்கள் தாத்தாவின் பறை இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. தோல் கிழிந்துவிட்டது. சட்டம் இருக்கிறது. அதைக் கேட்டு உங்களில் யாராவது ஆராய்ச்சிக்கு வந்தால் இறக்கிக் கொடுப்பேன்.

கவிதைகளை அடுத்த கூட்டத்தில் வாசிக்கிறேன்.