பற்றரி மாற்ற முதல் மூன்று கேள்வி

(வலிகாமம் வடக்கில் மீள்குடியேறிய கிராமமொன்றின் பொதுநோக்கு மண்டபத்தில், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் காணி உறுதி பற்றியோ வீட்டுத்திட்டம் பற்றியோ பேச வரவில்லை. அவற்றுக்கு வேறு உத்தியோகத்தர்கள் வருவார்கள். வெளியில் வரிசையாக நிற்கிற உங்கள் ஸ்கூட்டிகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நான் கலைப்பிரிவில் படித்தவள், மெக்கானிக் இல்லை. ஆனால் இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. சின்ன மீற்றர் ஒன்றும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

1990இல் இந்த ஊர்களை விட்டுப் போனவர்கள், காணிகள் துண்டு துண்டாக விடுபட விடுபடத்தான் திரும்பி வந்தோம். மயிலிட்டித் துறைமுகம் விடுபட்டதே 2017 யூலையில்தான். வீடு ஒரு பக்கம், பிள்ளையின் பள்ளிக்கூடம் இன்னொரு பக்கம், சந்தை சுன்னாகத்தில், ஆஸ்பத்திரி தெல்லிப்பழையில். பஸ்ஸை நம்பி எல்லா இடமும் போய்வர முடியாது. தனியாக உழைத்துக் குடும்பம் பார்க்கிற ஒரு பெண்ணுக்கு ஸ்கூட்டிதான் கால். அது காலையில் ஸ்ராட் ஆகாவிட்டால் அன்றைய வருமானம் போய்விடும்.

அப்போது வருகிற முதல் பதில், "பற்றரி போட்டுது அக்கா, புதுசு போடுங்கோ" என்பதுதான். கடன் வாங்கிப் புதுப் பற்றரி போடுவோம். இரண்டு மாதத்தில் அதுவும் படுத்துவிடும். கிணற்றடித் தொட்டியில் தண்ணி இல்லை என்றால் உடனே தொட்டியை இடித்துக் கட்டுவோமா? தொட்டி வெடித்திருக்கிறதா, வாய்க்காலில் தண்ணி வருகிறதா, இரவில் எங்கேயாவது கசிகிறதா என்றுதானே பார்ப்போம். பற்றரிக்கும் அதே மூன்று கேள்விதான்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. பெற்றோலும் பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்த தொண்ணூறுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டவர்கள் நீங்கள். வேகமாகச் சுற்றினால் சத்தம் கூடும், கை களைத்தால் செய்தி விழுங்கும். ஸ்கூட்டியின் உள்ளேயும் அந்த டைனமோதான் இருக்கிறது. எஞ்சினோடு சேர்ந்து காந்தம் சுற்றுகிறது. பக்கத்தில் செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதைத்தான் கராஜில் கொயில் என்கிறார்கள். அதிலிருந்து வருகிற ஆடலோட்ட மின்சாரத்தை நேரோட்டமாக்கி, அளவுக்கு மிஞ்சாமல் பற்றரிக்கு அனுப்புவது ரெகுலேற்றர் என்கிற சின்னப் பெட்டி. கொயில், ரெகுலேற்றர், வயர், பியூஸ் என்று பாதையில் எது பிழைத்தாலும் கடைசியில் சாவது பற்றரி. பழி விழுவதும் அதன்மேல்தான்.

இனி மீற்றர். நேரோட்ட வோல்ற் 20 என்ற இடத்தில் திருப்பி வையுங்கள். சிவப்பு முனையைப் பற்றரியின் கூட்டல் பக்கத்திலும் கறுப்பைக் கழித்தல் பக்கத்திலும் தொடுங்கள். காலையில், ஸ்ராட் பண்ண முதல், முதலாவது அளவு எடுக்க வேண்டும். 12.6க்கு மேலே என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழே என்றால் வெறும் தொட்டி. மீற்றரை எடுக்காமல், பக்கத்தில் ஒருவரைச் செல்ஃப் அமத்தச் சொல்லுங்கள். அளவு கொஞ்சம் விழத்தான் செய்யும். நிறைந்த பற்றரி அந்த நேரம் பத்துக்குக் கீழே விழுந்தால் அது உண்மையிலேயே பழுது. அதற்குத்தான் காசு செலவழிக்கலாம்.

இரண்டாவது அளவு எஞ்சின் ஓடும்போது. இதைத் திறந்த வெளியில், நடு ஸ்ராண்டில் நிறுத்தித்தான் செய்ய வேண்டும். அக்சிலேற்றரை முறுக்கினால் பின்சில்லு சுற்றும். சில்லு நிலத்தில் முட்டிக்கொண்டிருந்தால் வண்டி பாய்ந்துவிடும். சேலை, சோல் முனை எதுவும் கிட்டப் போகக்கூடாது. மெதுவாக முறுக்க, மீற்றர் 13.5க்கும் 14.8க்கும் இடையில் எங்கேயாவது நிற்க வேண்டும். நின்றால் வாய்க்காலில் தண்ணி வருகிறது. எவ்வளவு முறுக்கியும் 12இலேயே நின்றால் பற்றரிக்கு எதுவும் வந்து சேரவில்லை. அந்த வண்டிக்குப் புதுப் பற்றரி போடுவது காசைக் கடலில் போடுவதுதான். 15ஐத் தாண்டிப் போனால் ரெகுலேற்றர் பழுது, பற்றரி உள்ளே கொதிக்கிறது. பல்பு அடிக்கடி எரிந்துபோகிற வண்டிகளை இந்தச் சந்தேகத்தோடு பாருங்கள்.

எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றிப் "பார்ப்பது" சில இடங்களில் பழக்கம். அதை விடமாட்டோம் என்று சொல்லிவிடுங்கள். வோல்ற் ஒரேயடியாக ஏறி மற்றப் பாகங்களையும் எரித்துவிடும்.

சார்ஜ் வரவில்லை என்றால் கொயிலைக் கழற்றச் சொல்ல முதல் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை இருக்கின்றன. நாங்கள் இருப்பது கடற்கரை. உப்புக்காற்று தகரத்தையே தின்கிறது, மெல்லிய செப்புக் கம்பி எம்மாத்திரம்? பற்றரி முனைகளில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். முதலில் கழித்தல் வயர், பிறகு கூட்டல் வயர் என்று கழற்றுங்கள். சுடுதண்ணியில் கரைத்த அப்பச்சோடாவும் பழைய பல்துலக்கியும் போதும். கழுவித் துடைத்து, மறுபடி இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் பூசுங்கள். பூட்டும்போது கூட்டல் முதலில். பியூஸ் எரிந்திருக்கிறதா, வண்டியின் சட்டத்தில் பூட்டிய ஏர்த் வயர் துரு பிடித்திருக்கிறதா, ரெகுலேற்றர் பிளக் கருகியிருக்கிறதா, கிடுகுக் கொட்டிலில் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். இவை எல்லாம் சரி என்றால்தான் கராஜுக்குப் போக வேண்டும். அங்கேயும் "கொயில் பழுது" என்ற சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். கொயில் வயரில் ஆடலோட்ட வோல்ற்றை அளந்து காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் வேகம் கூட அதுவும் கூட வேண்டும். கூடினால் கொயில் வேலை செய்கிறது, அடுத்த சந்தேகம் ரெகுலேற்றரில். நல்ல மெக்கானிக் இதைக் காட்டச் சலிக்க மாட்டார்.

மூன்றாவது கசிவு. ஓடும்போது 14 வருகிறது, ஆனால் நாலு நாள் நிறுத்தி வைத்தால் செத்துப்போகிறது என்றால் இதுதான். களவு அலாம், போன் சார்ஜர், கூடுதல் லைற் என்று பிறகு பூட்டியவற்றை முதலில் கழற்றிவிட்டுப் பாருங்கள். கணக்கு இலகு. சாவி இல்லாத நேரமும் 50 மில்லி அம்பியர் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி போகும். 5 அம்பியர் மணிப் பற்றரி நாலு நாளைக்கு மேல் தாங்குமா?

எந்தப் பழுதும் இல்லாமலும் பற்றரி இறங்கலாம். முன்பள்ளிக்கு ஒரு ஓட்டம், கடைக்கு ஒரு ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் செல்ஃப். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க அந்தத் தூரம் போதாது. கிக்கர் உள்ள வண்டி என்றால் காலையில் முதல் ஸ்ராட்டை உதைத்தே எடுங்கள். நீண்ட நாள் வெறுமையாகக் கிடந்தால் உள்ளே ஈயத் தகட்டில் சல்பேற்றுப் படிந்து, பிறகு சார்ஜ் ஏற்காது. 2022இல் கியூஆர் முறைக்கு, கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோலுக்கு, வண்டிகள் முற்றத்தில் நின்ற காலத்தை நினைத்துப் பாருங்கள்.

கடையில் சார்ஜுக்குக் கொடுத்தால் மெதுவாகப் போடச் சொல்லுங்கள். 5 அம்பியர் மணிப் பற்றரிக்கு அரை அம்பியரில் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் வேண்டும். லொறிப் பற்றரியோடு சேர்த்து ஒரு மணித்தியாலத்தில் ஏற்றித் தந்தால் அதன் ஆயுளைக் குறைத்துத் தந்திருக்கிறார்கள். மூடி திறக்கிற வகை என்றால், தண்ணி குறைந்தால் கடையில் விற்கிற பற்றரித் தண்ணி மட்டும்தான். எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது, கரையோரத்தில் உப்பும் சேரும். இரண்டுமே பற்றரிக்கு நஞ்சு. மூடிய வகையைத் திறக்கவே வேண்டாம்.

இருட்டில், ஆளில்லாத தெருவில் வண்டி நின்றால் தெருவிலேயே ஓரமாக நில்லுங்கள். தள்ளிக்கொண்டு பற்றைக் காணிக்குள் இறங்க வேண்டாம், குறுக்கு வழியும் வேண்டாம். மிதிவெடிப் பலகை இல்லாத இடமெல்லாம் துப்புரவான இடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பழைய பற்றரியைக் கடைக்கே கொடுத்து அதற்குரிய காசைக் கழிக்கச் சொல்லுங்கள். முற்றத்தில் உடைத்து, ஈயத்தை உருக்கி வலைக்குக் குண்டு வார்க்க வேண்டாம் என்று வீட்டு ஆண்களுக்கும் சொல்லுங்கள். ஆபிரிக்காவில், செனகல் நாட்டில், டக்கார் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. பழைய பற்றரிகளில் இருந்து ஈயம் எடுத்த இடங்களின் மண்ணாலும் தூசியாலும் அங்கே 2007 கடைசிக்கும் 2008 தொடக்கத்துக்கும் இடையில் 18 சின்னப் பிள்ளைகள் இறந்தார்கள். ஈயத்துக்கு மணமும் இல்லை, சூடு ஆறிய பிறகு பார்த்தும் தெரியாது. பிள்ளை தவழுகிற மண்ணில் அது கிடக்கும்.

சங்கத்துக்கு ஒரு மீற்றரை இன்றைக்கே தந்துவிட்டுப் போகிறேன். அது செயலாளரிடம் இருக்கும், கொப்பியில் பெயர் எழுதி எடுக்கலாம். இப்போது வெளியில் போய் உங்கள் வண்டிகளிலேயே பார்ப்போம். காலையில் செல்ஃப் எடுக்காமல் தள்ளிக்கொண்டு வந்தவர் யாராவது இருந்தால் அவருடைய வண்டியில் இருந்து தொடங்குவோம்.