பசி தாங்கும் சாப்பாடு



கம்மங்கஞ்சி குடித்தால் மத்தியானம் வரை பசி தாங்கும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காலை ஏழு மணிக்கு நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் பருத்திக்காட்டுக்குக் களையெடுக்கப் போகிறவர்களுக்குப் பத்தரை மணிக்கே வயிறு கிள்ளுவதையும் பார்த்திருப்பீர்கள். இருவரும் வயிறு நிறையத்தான் சாப்பிட்டார்கள். ஒன்று தாங்குகிறது, மற்றது தாங்கவில்லை. இதற்குக் காரணங்களுள் முக்கியமானது நார்ச்சத்து.

நார்ச்சத்து என்பது நம் குடலில் சுரக்கும் நீர்களால் செரிக்க முடியாத பகுதி. தானியத்தின் தவிட்டிலும், பயறின் தொலியிலும், காய், கீரை, பழங்களிலும் அது இருக்கிறது. செரிக்காத பொருளால் என்ன பயன் என்று கேட்பீர்கள். நாருள்ள உணவை மென்றுதான் விழுங்க வேண்டும். ஆகவே சாப்பாடு நிதானப்படுகிறது. அது தண்ணீரை உறிஞ்சி உப்பி இரைப்பையை விரிக்கிறது. அந்தச் செய்தி நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. வெண்டைக்காய், வெந்தயம் போன்றவற்றின் வழவழப்பான நார், உணவு இரைப்பையிலிருந்து இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. சர்க்கரையும் இரத்தத்தில் மெதுவாக ஏறுகிறது. பெருங்குடலுக்குப் போய்ச் சேரும் நாரை அங்குள்ள நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கின்றன. அதில் உண்டாகும் அமிலங்கள் பசியை மட்டுப்படுத்தும் சுரப்புகளைத் தூண்டுகின்றன என்றும் ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர ஆராய்ச்சியாளர்கள் 1977-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுப் பழமாகவும், மசித்தும், சாறாகவும் கொடுத்தார்கள். மூன்றிலும் மாவுச்சத்தின் அளவு ஒன்றே. சாற்றைப் பழத்தைவிட 11 மடங்கு வேகமாகக் குடித்து முடிக்க முடிந்தது. வேகத்தைச் சமப்படுத்திப் பார்த்தபோதும் பழம்தான் வயிறு நிறைந்த உணர்வைத் தந்தது; மசியல் அதற்கு அடுத்தது; சாறு கடைசி. மசியலில் நார் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். அதன் கட்டு குலைந்ததே காரணம். நம் தோப்பு மாம்பழத்தைக் கடித்துத் தின்பதற்கும் சாறாக்கிக் குடிப்பதற்கும் இதே வித்தியாசம்தான்.

எல்லா நாரும் ஒரே மாதிரி பசியை அடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். தனியே பிரித்தெடுத்த நாரைக் கலந்து கொடுத்த பல சோதனைகளில் பெரிய பலன் தெரியவில்லை. 'நார்ச்சத்து மிக்கது' என்று அட்டையில் அச்சிட்ட பிஸ்கட்டுக்குக் காசு கொடுப்பதைவிடக் காட்டில் விளைந்ததை முழுதாகச் சாப்பிடுவதே மேல்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் வெள்ளை அரிசியில் நார் 3 கிராமுக்கும் குறைவு. கம்பிலும் கேழ்வரகிலும் 11 கிராம், சோளத்தில் 10 கிராம். முழுப் பாசிப்பயறில் 17 கிராம். தொலி நீக்கிய பருப்பில் 9 கிராம். உளுந்திலும் முழுசாக 20, பருப்பாக 12. நாம் செய்வது என்ன? உளுந்தைத் தொலியோடு கமிஷன் கடையில் போட்டுவிட்டு, தொலி நீக்கிய பருப்பை மளிகைக் கடையில் வாங்கி வருகிறோம். தொலி மாட்டுக்குத் தீவனமாகப் போகிறது. மாட்டின் மேல் எனக்குப் பொறாமை இல்லை, கணக்கைச் சொன்னேன்.

பெரியவர்களுக்கு நாளைக்கு 25 கிராமாவது நார் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 400 கிராம் அரிசி சாப்பிட்டாலும் கிடைப்பது 11 கிராம்தான். அதையே 250 கிராம் அரிசி, 100 கிராம் கம்பு, 50 கிராம் முழுப் பாசிப்பயறு என்று மாற்றினால் 27 கிராம் வந்துவிடும். ரேஷன் அரிசியை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு வேளையை மாற்றினால் போதும். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வில், தமிழ்நாட்டில் பெரியவர்கள் 100 பேரில் 14 பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. உழவும் அறுப்பும் இயந்திரத்துக்குப் போனபின் உடலுழைப்பு குறைந்தது. சோற்றின் அளவு குறையவில்லை. பசி தாங்கினால்தான் அளவு குறையும்.

நமது மாவட்டத்துக் குதிரைவாலியைப் பற்றியும் கேட்பீர்கள். நல்ல தானியம்தான். ஆனால் வெள்ளைவெளேரென்று தீட்டிவிட்டால் தவிடு போய்விடும். உமி நீங்கும் அளவுக்கு மட்டும் அரைக்கச் சொல்லுங்கள்.

திடீரென்று நாரைக் கூட்டினால் வயிறு உப்பும், வாயு சேரும். இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள்; தண்ணீரும் நிறையக் குடியுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றவும். கைக்குழந்தைகளுக்கு இந்த யோசனை பொருந்தாது. அவர்களுடைய சிறு வயிறு நாரால் நிரம்பிவிட்டால் மற்றச் சத்துக்கு இடமிருக்காது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பேசிவிட்டுப் பால்கோவாவை விட முடியுமா? பாலும் சர்க்கரையும் சுண்டிய அதில் நார் ஓர் இழைகூடக் கிடையாது. அதனால்தான் கால் கிலோ போனதே தெரிவதில்லை. சாப்பாட்டுக்குப் பின் ஒரு கரண்டி சாப்பிடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம்.

கம்பு மாவு நாலைந்து நாளில் கசக்கத் தொடங்கும். அதிலுள்ள எண்ணெய்ச்சத்தே காரணம். ஆகவே தானியமாகச் சேமித்து, தேவைக்கு மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.