பன்னிரண்டு மாதமும் சந்தோஷம்

(மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளர்களும் ஊராரும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



வருஷம் முழுவதும் மனிதன் மனக்கவலை இன்றிச் சந்தோஷமாய் இருப்பதற்கு வழி என்ன என்பதைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். வரும் வழியில் ஒரு தோழர், "காலில் வெடிப்பும் கண்ணில் எரிச்சலுமாய் உப்பு வாருகிறவனிடம் போய்ச் சந்தோஷத்தைப் பற்றிப் பேசினால் அவன் சிரிக்க மாட்டானா?" என்று கேட்டார். சிரிக்கட்டும். சிரிப்பதும் சந்தோஷந்தானே! ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கூலியைப் பற்றியும் கடனைப் பற்றியும் வாய் திறக்காமல், "மனதைச் சாந்தமாய் வைத்துக்கொள்" என்று உபதேசம் செய்கிறவன், பசித்தவன் நெற்றியில் சந்தனம் பூசுகிறவனே ஆவான். அந்த வேலைக்கு நான் வரவில்லை.

தோழர்களே! உங்கள் வருஷம் இரண்டு பாகமாய் இருக்கிறது. தை, மாசியில் வரப்புக் கட்டி, பாத்தி மிதித்து, உப்பு நீர் பாய்ச்சி, புரட்டாசி வரையில் உப்பு வாருகிறீர்கள். ஐப்பசியில் மழை பிடித்ததும் அளம் தண்ணீருக்குள் போய்விடுகிறது. பிறகு மறுபடியும் தை பிறக்க வேண்டும். மீன் பிடிக்கும் தோழர்களுக்கோ ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். வேலையில்லாத அந்த மாதங்களில்தான் வீட்டில் சண்டையும், வட்டிக்காரன் வருகையும், தூக்கமின்மையும், குடியும் அதிகப்படுகின்றன. காரணம் கேட்டால், "தலையெழுத்து, கிரகம் சரியில்லை" என்கிறீர்கள். நான் கேட்கிறேன்: ஐப்பசியில் வருகிற தலையெழுத்து தை மாதத்தில் எங்கே போகிறது? உப்பு விளைந்ததும் பிரமன் தான் எழுதியதை அழித்துவிடுகிறானா?

இதைப் பற்றி நம்முடைய ஜில்லாவிலேயே ஒரு பரீட்சை நடந்திருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்து 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை ஆராய்ச்சிக்காரர்கள் சோதித்தார்கள். கரும்பு வெட்டுவதற்கு முன் அவர்கள் கையில் காசில்லை. நகை அடகில் இருக்கும். வெட்டிய பின் பணம் வந்துவிடும். அதே ஆட்களுக்கு இந்த இரண்டு சமயத்திலும் புத்தியைச் சோதிக்கும் கணக்குகள் கொடுத்துப் பார்த்ததில், பணமில்லாத காலத்தில் தப்புக்கள் அதிகமாகவும், பணம் வந்த பின் குறைவாகவும் இருந்தன. 2013-ல் 'சயன்ஸ்' என்னும் பத்திரிகையில் இது வெளிவந்தது. ஆள் அதே ஆள். மூளையும் அதே மூளை. கவலை மூளையின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டால் மீதிக்கு எங்கே இடம்? ஆகவே ஏழை புத்தியில்லாததால் ஏழையானான் என்று சொல்லுகிறவர்கள் வண்டிக்குப் பின்னால் மாட்டைக் கட்டுகிறவர்கள். இல்லாமை மனதைக் கெடுக்கிறது. கெட்ட மனது மேலும் இல்லாமையை உண்டாக்குகிறது. இந்தக் கயிற்றை எங்கே அறுப்பது என்பதுதான் கேள்வி.

முதலாவது, மழைக்காலத்தை வெயில் காலத்திலேயே நினைக்க வேண்டும். வாரிய உப்பை அம்பாரமாய்க் குவித்து, மழைக்கு முன்பே ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடுகிறீர்களே, உப்புக்குச் செய்கிற அந்தக் காரியத்தைக் கூலிக்கும் செய்யுங்கள். பத்துக் குடும்பம் சேர்ந்து வாரம் ஒரு சிறு தொகையை பாங்கியிலோ தபாலாபீசிலோ போட்டு, ஐப்பசிக்கு முன் எடுப்பதில்லை என்று கட்டுப்பாடு செய்துகொள்ளுங்கள். வாங்குகிற கூலியில் மிச்சமேது என்பீர்கள். உண்மைதான். ஆனால் காதுகுத்துக்கும், மஞ்சள் நீராட்டுக்கும், திதிக்கும் கடன் கிடைக்கிறதே, அந்தக் கடனுக்கு வட்டி கட்டுவது எந்தக் கூலியில் இருந்து? ஒரு நாள் மேளச் சத்தத்திற்காக மூன்று வருஷத் தூக்கத்தை விற்பது நியாயமா? அதோடு, உங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்கவும் கூச்சப்படாதீர்கள். உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்க 2022-ல் தமிழ்நாடு சர்க்கார் ஏற்பாடு செய்தது. அது பிச்சையல்ல, உங்கள் உழைப்புக்குள்ள பாத்தியதை. நலவாரியத்தில் பெயரைப் பதிந்திருக்கிறீர்களா என்று இன்றைக்கே பாருங்கள்.

இரண்டாவது, கவலையைக் கரைக்கக் குடிப்பது. இதைப் பற்றி இந்த ஊரில் நான் அதிகம் பேச வேண்டியதில்லை. 2023 மே மாதத்தில் பக்கத்து எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்து எத்தனை பேர் மாண்டார்கள் என்பதும், எத்தனை வீட்டில் விளக்கேற்ற ஆளில்லாமல் போயிற்று என்பதும் உங்களுக்கே தெரியும். மெத்தனால் என்னும் அந்த விஷம் உடம்புக்குள் போய் அமிலமாக மாறி, முதலில் கண்ணையும் பிறகு உயிரையும் வாங்கும். "அது கள்ளச் சாராயம், நான் குடிப்பது நல்ல சாராயம்" என்பதும் ஏமாற்றுப் பேச்சே. குடி அன்றிரவு கவலையை மறைக்கிறது. மறுநாள் காலையில் அதை இரட்டிப்பாக்கிக் கொடுக்கிறது. குடித்துத் தூங்குவதும் நல்ல தூக்கமல்ல. நடு இரவில் விழிப்பு வந்துவிடும்.

மூன்றாவது, உடம்பு. வேலைக் காலத்தில் இருட்டோடு எழுந்து ஓடுகிறவர்கள், மழைக்காலம் வந்ததும் நினைத்தபோது படுத்து நினைத்தபோது எழுகிறீர்கள். எழும் நேரம் ஒழுங்காய் இருந்தால்தான் தூக்கம் ஒழுங்காய் வரும். தூக்கம் ஒழுங்கானால்தான் கோபம் குறையும். மழை விட்ட வேளையில் காலாற நடங்கள். உங்கள் பக்கத்திலேயே கழுவேலி ஏரி இருக்கிறது. உங்களுக்கு வேலையில்லாத அதே மாதங்களில்தான் எங்கெங்கோ உள்ள பறவைகள் அங்கே வருகின்றன. 2021 டிசம்பரில் சர்க்கார் அதைப் பறவைகள் சரணாலயமாக்கியிருக்கிறது. பட்டணத்துக்காரர் அதைப் பார்க்கப் பணம் செலவழித்து வருகிறார். நீங்களோ குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நாளாவது போய்ப் பார்த்ததுண்டா?

நான்காவது, கூட்டுறவு. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையார் 1938-ல் தொடங்கி, நூற்றுக்கணக்கான மனிதர்களின் வாழ்க்கையை வாலிபம் முதல் முதுமை வரையில் கவனித்து வந்தார்கள். பணக்காரரும் ஏழைகளும் அதில் இருந்தார்கள். பணத்தையும் பேரையும் விட, வீட்டாரோடும் சிநேகிதரோடும் நல்ல உறவு உள்ளவர்களே சுகமாயும் நீண்ட நாளும் வாழ்ந்தார்கள் என்று கண்டார்கள். இங்கே நம் யோக்கியதை என்ன? ஒரே அளத்தில் ஒரே வெயிலில் நிற்கிறவர்கள் சாயங்காலம் ஆனதும் ஜாதிக்கொரு தெருவாய்ப் பிரிந்துவிடுகிறோம். துக்கம் வந்தால் சொல்ல ஆளில்லை. வேலை ஸ்தலத்தில் கூடுகிறவர்கள் படிப்பகத்திலும் கூடுங்கள். ஒருவர் பத்திரிகை படிக்க மற்றவர்கள் கேளுங்கள்.

ஆண் தோழர்களுக்கு ஒன்று தனியாய்ச் சொல்லுகிறேன். உப்புக் கூடை சுமந்து வந்த பெண், வந்ததும் அடுப்பு மூட்டுகிறாள். நீங்கள் வந்ததும் திண்ணையில் சாய்கிறீர்கள். மழைக்காலத்தில் உங்களுக்கு ஓய்வு; அவளுக்கு அதுவும் இல்லை. தண்ணீர் எடுப்பதும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் ஆண்மைக்குக் குறைவல்ல. வீட்டில் பாதிப்பேர் அழுதுகொண்டிருக்க, மீதிப்பேர் மாத்திரம் எப்படிச் சந்தோஷமாய் இருக்க முடியும்?

கடைசியாக, முக்கியமான ஒன்று. இவ்வளவு செய்தும் சிலருக்கு மனது தேறாது. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல், செத்தால் தேவலை என்று தோன்றும். அது பேயுமல்ல, செய்வினையுமல்ல, கோழைத்தனமுமல்ல. ஜுரம் போல அதுவும் ஒரு வியாதி. மருந்தும் உண்டு, தேறுவதும் உண்டு. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் என்ன நடந்தது? மனநோய் தீரும் என்று நம்பி உறவினர் கொண்டுபோய் விட்டவர்கள் ஒரு தனியார் விடுதியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். தீப்பிடித்தபோது ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். எந்தத் தெய்வம் அந்தச் சங்கிலியை அவிழ்த்தது? கோவிலானாலும், தர்காவானாலும், ஜெபக் கூட்டமானாலும் இதுவே கதி. 2017-ம் வருஷத்துச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. முண்டியம்பாக்கத்தில் அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது; புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. பஸ் செலவுக்கும் இல்லையென்றால் 14416 என்ற நம்பருக்கு டெலிபோன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

தோழர்களே! உப்புப் படிந்ததும் பாத்தியில் மிஞ்சுகிற கசப்பு நீரை நீங்கள் வடித்துவிடுகிறீர்கள். வடிக்காவிட்டால் விளைந்த உப்பும் கசந்துபோகும் என்று உங்களுக்கு எந்தப் புரோகிதனும் சொல்லித்தரவில்லை. அனுபவமும் அறிவுமே சொல்லிக்கொடுத்தன. மனதுக்கும் அதுவே முறை. கசப்பை உள்ளேயே தேக்காதீர்கள். பெண்ஜாதியிடம் சொல்லுங்கள், சிநேகிதனிடம் சொல்லுங்கள், வேண்டுமானால் வைத்தியரிடம் சொல்லுங்கள். நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். வருகிற ஐப்பசி முதல் தை வரையில் ஒரு தடவை செய்து பாருங்கள். பலன் கண்டால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.