கால் எட்டுதா, கை எட்டுதா?

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசும், ஆனா உபயோகமா பேசும்" என்று செயலாளர் கட்டளை போட்டுவிட்டார். நான் பேச்சாளன் இல்லை. ஆனால் சமீபத்தில் சைக்கிளிலிருந்து கீழே விழுந்தவன். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. 1980-களில் இங்கே படித்த மூன்று வருஷமும் தாமிரபரணிப் பாலம் தாண்டி சைக்கிளில்தான் வந்தேன். அது அப்பாவின் சைக்கிள். 22 அங்குல பிரேம், 28 அங்குலச் சக்கரம், கேரியர், டைனமோ. சின்ன வயதில் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டதும் அதில்தான். கல்லூரிக்கு வந்த பிறகும் சீட்டில் உட்கார்ந்தால் எனக்குக் கால் தரையில் எட்டாது. கெந்திக் கெந்தி ஏறுவேன், ஓட ஓடக் குதித்து இறங்குவேன். நம்மில் பல பேர் அப்படித்தானே? அண்ணன் சட்டை தம்பிக்கு, அப்பா சைக்கிள் மகனுக்கு. "இது உன் அளவாடா?" என்று யாரும் கேட்டதில்லை.

பிறகு வேலை, வெளியூர், ஸ்கூட்டர், கார். முப்பது வருஷத்துக்கு மேல் சைக்கிளைத் தொடவில்லை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் டாக்டர் சர்க்கரை இருக்கிறது என்றார். "நடங்க, இல்லேன்னா சைக்கிள் ஓட்டுங்க" என்றார். எனக்குச் சந்தோஷம். மலைச் சைக்கிள், அதாவது கியர் வைத்த தடித்த டயர் சைக்கிள் வாங்கக் கடைக்குப் போனேன். கடைப் பையன், "சார், 26-ஆ, 29-ஆ?" என்று கேட்டான். "நான் 28 ஓட்டினவன் தம்பி, 29 எனக்கு எந்த மூலைக்கு? பெரிசாவே குடு" என்றேன். விலை கேட்டேன், நிறம் பார்த்தேன். உட்கார்ந்து பார்க்கவில்லை.

இரண்டு நாளில் கழுத்தும் மணிக்கட்டும் வலித்தன. பழக்கம் விட்டுப்போச்சு, சரியாகிவிடும் என்று நினைத்தேன். நாலாம் நாள் காலை கன்னடியன் கால்வாய்க் கரையில் போகும்போது ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. பிரேக் பிடித்துக் காலை ஊன்றினேன். கால் எட்டவில்லை. சைக்கிளோடு சாய்ந்தேன். நல்லவேளை, வாய்க்கால் பக்கம் விழவில்லை. கையில் எலும்புக் கீறல், ஆறு வாரம் மாவுக்கட்டு. "நம்ம ஊரு அப்பளம் மாதிரி நொறுங்கிப் போவிய, அதை வித்துருங்க" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

விற்கலாம் என்று எங்கள் ஊர் சைக்கிள் கடைக்கே உருட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் என் வயதுக்காரர். அவர் சைக்கிளைப் பார்க்குமுன் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, சீட்டுல அக்குளை வையுங்க, கையை நீட்டி பெடல் அச்சைத் தொடுங்க" என்றார். சீட்டை இறக்கி வைத்ததும் தொட்டேன். பிறகு முழங்கையைச் சீட்டு நுனியில் வைத்து விரலை ஹேண்டில் பார் பக்கம் நீட்டச் சொன்னார். அது எங்கேயோ இருந்தது. "சீட்டை இறக்கிரலாம், வண்டி நீளத்தைக் குறைக்க முடியாதுல்லா. இது யாரோ உசரமானவருக்குச் செஞ்ச வண்டி" என்றார்.

அங்கேதான் எனக்குப் புரிந்தது. கடைப் பையன் சொன்ன 26, 29 எல்லாம் சக்கரத்தின் அளவு. நம் உடம்புக்குப் பொருந்த வேண்டியது பிரேமின் அளவு. அது வேறு எண். என் வண்டியின் பிரேமில் 20 என்று சின்னதாக ஒட்டியிருந்தது. நான் அதைப் படிக்கவே இல்லை.

உங்கள் அளவை வீட்டிலேயே எடுக்கலாம். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நில்லுங்கள். ஒரு தடித்த புத்தகத்தைக் கவட்டுக்கு இடையில் சீட்டு மாதிரி மேலே அழுத்திப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளக்கச் சொல்லுங்கள். எனக்கு 76 சென்டிமீட்டர். அதை 0.57-ஆல் பெருக்கினால் சுமார் 43 சென்டிமீட்டர், அதாவது 17 அங்குலம். மலைச் சைக்கிளில் எனக்கு வேண்டிய பிரேம் அது. பெரும்பாலும் 'மீடியம்' என்று போட்டிருப்பார்கள். நான் வாங்கியது மூன்று அங்குலம் பெரிசு! கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால் கணக்கை மட்டும் நம்பாமல் ஏறிப் பாருங்கள்.

முதலில் சீட்டுக்கு முன்னால் பாரின் இருபுறமும் பாதம் முழுவதும் பதிய நில்லுங்கள். பாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். அடுத்து சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே விட்டு அதில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்படியானால் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும், வலி வராது. மூன்றாவதாக ஹேண்டில் பாரைப் பிடித்தால் முழங்கை கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். கையை விறைப்பாக நீட்டித்தான் பிடிக்க முடிகிறது என்றால் அந்த வண்டி வேண்டாம். கால் மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால், ரொம்ப நாள் கழித்து ஓட்டுகிறவர்கள் சின்னதையே எடுங்கள். கால் ஊன்றுவது எளிது.

தோழியருக்கும் ஒரு வார்த்தை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே பலர் ஓட்டினார்கள். நீங்கள் அவ்வளவு கஷ்டப்பட வேண்டியதில்லை. மலைச் சைக்கிளில் பார் பின்பக்கம் சரிந்து தாழ்வாக இருக்கும். சின்ன அளவும் கிடைக்கிறது. மாணவர்களே, பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளைத்தான் உங்களில் சிலர் இன்னும் ஓட்டுவீர்கள். அதன் சீட்டை உங்கள் உயரத்துக்கு வைத்திருக்கிறீர்களா? சாயங்காலம் ஒரு ஸ்பானரை எடுத்துப் பாருங்கள்.

மலைச் சைக்கிள் வாங்கியதும் மாஞ்சோலைக்கு ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி வேண்டும். நமக்கு வாய்க்கால் கரையும் ஆற்றங்கரையும் போதும்.

என் 20-ஐ ஒரு உயரமான வாத்தியார் வாங்கிக்கொண்டார். நான் 17 வாங்கினேன். இப்போது தினமும் காலை மணிமுத்தாறு சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. நான் அன்று வாங்கினது என் இருபது வயதுக்கு. ஓட்ட வேண்டியதோ அறுபது தாண்டிய இந்த உடம்பு. அதை யோசிக்காமல் விட்டதற்குத்தான் ஆறு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டேன். உங்களுக்கு அது வேண்டாம்.

இன்று பாலம் தாண்டி இங்கே சைக்கிளில்தான் வந்தேன். வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. டேப்பும் பையில் இருக்கிறது. அளவு பார்க்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் வாருங்கள், சாப்பிட்ட பிறகு குனிய முடியாது.